இறுகிப்போன பெல்ட் டென்ஷனரை இளக்கும் முறை

செம்பரம்பாக்கம், குன்றத்தூர்ப் பக்கங்களில் கீரையும் காய்கறியும் பயிரிடும் குடியானவர்களில் சிலர், விளைபொருளைக் கோயம்பேடு சந்தைக்குக் கொண்டு செல்லப் பழைய கார்களை உபயோகித்து வருகின்றனர். இவ்வண்டிகளில் மழைக்காலத்திற்குப் பின் நேரக்கூடிய கோளாறுகளில் ஒன்று, என்ஜினின் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் துருவேறி அசையாது நின்றுவிடுவதாகும். சிறு உறுப்பென்று இதை அலட்சியம் செய்தல் கூடாது. பெல்ட் நழுவினால் பாட்டரிக்கு மின்சாரம் ஏறாது. பல கார்களில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டினால் ஓடுவதால், என்ஜின் மிகுந்த சூடடைந்து பழுதாகும்.

காரணம்: 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரையில் வெள்ளம் புகுந்தபோது அநேக வண்டிகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியின் சேற்றைக் கழுவிவிடலாம். ஆனால் டென்ஷனரின் அச்சுக்குள் புகுந்த வண்டலும் ஈரமும் எளிதில் வெளிவரா. இரும்பு துருவாகும்பொழுது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, ஆப்பு அடித்தாற்போல் அச்சு இறுகிவிடுகிறது.

அறிகுறிகள்: என்ஜினைக் கிளப்பியவுடன் கீச்சென்ற சத்தம், பெல்ட் தேய்ந்து கருந்தூள் படிதல், பெல்ட் தொய்ந்திருந்தும் டென்ஷனரின் கை நகராதிருத்தல்.

டென்ஷனரில் முக்கியமாக இரு வகைகள் உண்டு. ஒன்று ஸ்பிரிங் விசையால் தானே இறுக்குவது. மற்றது போல்ட்டைத் திருகி நாமே இறுக்குவது. பின்வரும் முறை இவ்விரண்டிற்கும் உரியது. மூடிக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டின் டென்ஷனர் இவற்றினும் வேறானது. அதில் சிறிது பிசகினும் என்ஜினே கெடக்கூடுமாதலால், அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

செய்முறை:

1. என்ஜின் முற்றிலும் ஆறியபின் சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுக.

2. பெல்ட் எந்தெந்தக் கப்பியைச் சுற்றிச் செல்கிறதென்பதைக் காகிதத்தில் வரைந்து கொள்க.

3. அச்சைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, துரு இளக்கும் எண்ணெயைச் சிறிதளவு விட்டு, சில மணி நேரம் ஊற விடுக. பெல்ட்டின்மேல் எண்ணெய் படாதவாறு துணியால் மூடுக. எண்ணெய் பட்ட ரப்பர் வழுக்கும், நாளடைவில் கெடும்.

4. போல்ட் வகையில், கப்பியைப் பிடித்திருக்கும் பூட்டு நட்டை முதலில் தளர்த்துக. இதை மறந்து இறுக்கும் போல்ட்டைத் திருகினால் அது முறிந்துபோகும்.

5. ஸ்பிரிங் வகையில், கையில் அதற்கென அமைந்த இடத்தில் நீண்ட ஸ்பானரைப் பொருத்தி, பெல்ட் தளரும் திசையில் மெதுவாக அழுத்தி, மீண்டும் விடுக. சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்தலே இளக்கும் வழி. கை திடீரென்று விடுபடக்கூடுமாதலால், விரல்களைக் கப்பியின் அருகே வைத்தல் ஆபத்து.

6. சுத்தியால் அடித்தலும், தீயால் சூடேற்றலும் கூடா. அடியால் அலுமினியம் விரிசலுறும்; தீயால் ரப்பரும் கப்பியினுள் உள்ள கிரீஸும் கெடும்.

இளகியது என்பதனாலேயே வேலை முடிந்துவிட்டதாகாது. சென்ற மழைக்காலத்தில் குடியானவர் ஒருவரின் காரில் இம்முறையால் டென்ஷனரை இளக்கினோம். அச்சு அசைந்ததைக் கண்டு திருப்தியுற்ற நான், கப்பியின் பேரிங்கைச் சோதிக்கத் தவறினேன். மூன்றாம் நாள் இரவு பூந்தமல்லி சாலையில் அக்கப்பி இறுகி, பெல்ட் அறுந்தது. விடியுமுன் சந்தை சேரவேண்டிய கீரை முழுவதும் வண்டியிலேயே வாடிற்று. அவருடைய ஒரு வார உழைப்பு வீணானதற்கு என் கவனக்குறைவே காரணம்.

ஆகவே, பெல்ட்டைக் கழற்றிய நிலையில் கப்பியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கரகரப்போ, ஆட்டமோ இருத்தல் கூடாது. ஸ்பிரிங் வகையாயின், கை முழுத் தூரமும் சென்று, விட்டவுடன் தடையின்றித் தானே திரும்ப வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் அவ்வுறுப்பை மாற்றிவிடுக. அந்நிலையில் எண்ணெயால் இளக்கியது பட்டறைவரை வண்டியைக் கொண்டுசெல்ல உதவலாமேயன்றி, நெடுநாள் உழைக்குமென நம்புதல் கூடாது. வெடிப்புற்ற பெல்ட்டையும் உடன் மாற்றுதல் அவசியம்.

ஐப்பசி பிறக்குமுன் இச்சோதனையைச் செய்து முடிப்பவர்க்கு, அடைமழைக் காலத்தில் நடுவழியில் நிற்கும் துன்பம் பெரிதும் குறையும்.