இலை உதிரும் காலமும் விதை தூவும் காலமும்



ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இலையுதிர்காலத்துக்குரியவை. அறுவடை முடிந்து, மரங்கள் இலைகளைச் சொரிந்து, பகற்பொழுது குறுகிவரும் அந்நாட்களிலேயே திருச்சபை தன் புனிதர்களையும் மரித்த விசுவாசிகளையும் நினைவுகூருகின்றது. எமது நாட்டில் இலையுதிர்காலம் என்றொன்று இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் இவை மாரிமழை தொடங்கும் மாதங்கள். பெரும்போக விதைப்பின் மாதங்கள். அங்கே களஞ்சியம் நிறைந்த வேளையில் இங்கே நெல்மணி மண்ணுக்குள் இறங்குகின்றது. ஆயினும் திருவழிபாட்டு நாட்காட்டி இரு இடத்துக்கும் ஒன்றே. எமது உறவுகளின் பிள்ளைகள் ஜேர்மனியிலும் பிரான்சிலும் கனடாவிலும் வளர்கின்ற இக்காலத்தில், இவ்விரு மாதங்களையும் சிறுபிள்ளைகளோடு எவ்வாறு கொண்டாடலாம் என்று சிந்திப்பது பயனுள்ளதாகும்.

ஒக்டோபர் செபமாலை மாதம். பாப்பரசர் 13 ஆம் சிங்கராயர் 1883 ஆம் ஆண்டில் இம்மாதத்தைச் செபமாலை அன்னைக்கென அர்ப்பணித்தார். பல இல்லங்களில் மாலைச் செபம் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவதை நாம் அறிவோம். நான்கு வயதுப் பிள்ளையை ஐம்பத்து மூன்று மணிகளும் முடியும் வரை முழங்காலில் நிறுத்தினால், அப்பிள்ளை கற்றுக்கொள்வது செபத்தையல்ல, செபம் எப்போது முடியும் என்று காத்திருப்பதையே. நூற்கயிறு ஒன்றில் பத்து முடிச்சுக்களைப் பிள்ளையே போடட்டும். ஒரு மறையுண்மை, ஒரு படம், பத்து முடிச்சு என்பது அவ்வயதுக்குப் போதும். ஒவ்வொரு முடிச்சிலும் ஒருவருடைய பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்: நோயுற்ற அம்மம்மா, வெளிநாட்டிலுள்ள சித்தப்பா, வகுப்பில் தன்னோடு கோபித்துக்கொண்ட தோழி. மன்றாட்டு என்பது என்னவென்று பிள்ளைக்கு அப்போது விளங்கிவிடும்.

ஒக்டோபர் முதலாம் திகதி நாம் விழா எடுக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா சிறுமியாக இருந்தபோது, தான் செய்யும் சிறு தியாகங்களை மணிகளில் எண்ணிவந்தார். அவரை அவ்வழியில் வளர்த்த பெற்றோரான லூயி மார்ட்டினும் செலி மார்ட்டினும் 2015 ஒக்டோபர் 18 ஆம் திகதி ஒன்றாகவே புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். தந்தை கடிகாரம் செய்தவர், தாய் சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். பிள்ளைகளுள் நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர்கள். புனிதம் வீட்டுக்குள்ளேயே விளையக்கூடும் என்பதற்கு அவர்களைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒக்டோபர் 4 ஆம் திகதி அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாள். ஜேர்மனிய ஆலயங்களில் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஞாயிறன்று அறுவடைக்கு நன்றி கூறும் வழிபாடு நிகழும். தானியக் கதிர்களையும் அப்பிள்களையும் பூசணிக்காய்களையும் பீடத்தின் முன் அடுக்குவார்கள். எமக்கு அது விதைக்கும் வேளை. ஆதலால் நாம் பிள்ளையின் கையில் விதையைக் கொடுப்போம். பழைய தகரப்பேணி ஒன்றில் மண் நிரப்பி, வெண்டி விதையோ பயற்றை விதையோ ஊன்றச் செய்யுங்கள். முளை வரும் வரை நாள்தோறும் எட்டிப் பார்ப்பதே பிள்ளைக்கு ஒரு தியானம். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப்பற்றி ஆண்டவர் யோவான் நற்செய்தியின் 12 ஆம் அதிகாரத்தில் கூறியதை அப்போது வாசித்துக் காட்டலாம். காய்க்கும் முதற்காயை ஞாயிறு திருப்பலியில் காணிக்கையாகக் கொண்டு செல்லட்டும்.

ஒக்டோபர் 31 மாலை மேலைநாடுகளில் 'ஹலோவீன்' என்ற பெயரில் பேய் வேடங்கள் தெருவுக்கு வருகின்றன. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அவற்றை எமது வீடுகளுக்கும் கொண்டுவந்துவிட்டன. அப்பெயரின் பொருள் 'புனிதர் அனைவர் திருநாளின் முன்மாலை' என்பதே. பிள்ளையைக் கடிந்துகொள்வதைவிட, பெயரின் பொருளை அதற்கு மீட்டுக் கொடுப்பது நல்லது. அன்று மாலை பிள்ளை தன் திருமுழுக்குப் பெயருக்குரிய புனிதரைப்போல உடுத்திக்கொள்ளட்டும். ஒரு வெள்ளைத் துணியும் அட்டையில் வெட்டிய ஒரு சிலுவையும் போதும். அப்புனிதர் யார், எந்நாட்டவர், எதற்காகத் துன்புற்றார் என்பதைப் பெற்றோர் சொல்லட்டும். 2006 இல் பதினைந்து வயதில் இறந்து, 2025 செப்ரெம்பர் 7 ஆம் திகதி புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கணினியில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு நெருங்கிய தோழராவார். எமது மண்ணில் நடந்து திரிந்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் வரலாற்றையும் மறவாது கூறுங்கள்.

நவம்பர் 2 ஆம் திகதி மரித்த விசுவாசிகள் அனைவரின் நினைவுநாள். பிள்ளைகளைச் சேமக்காலைக்கு அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். கல்லறையைத் துப்புரவு செய்வதும், புல்லைப் பிடுங்குவதும், பூ வைப்பதும் சிறு கைகளும் செய்யக்கூடிய பணிகளே. மழைக்காற்றில் மெழுகுதிரி அணையாதிருக்க ஒரு தேங்காய்ச் சிரட்டையை மறைப்பாக வைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலையைத் தரிசித்து மரித்தோருக்காகச் செபிப்போர், ஒப்புரவு, நற்கருணை முதலிய வழமையான நிபந்தனைகளை நிறைவேற்றினால், மரித்தோருக்கு ஒப்புக்கொடுக்கத்தக்க பரிபூரண பலனைப் பெறலாம் என்பது திருச்சபையின் போதனை.

ஆனால் எமது குடும்பங்கள் பலவற்றுக்குச் செல்வதற்கு ஒரு கல்லறையே இல்லை. போரிலே மடிந்து எங்கு புதைக்கப்பட்டார்கள் என்று அறியப்படாதோர், 2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோனோர், இன்றுவரை என்ன ஆனார்கள் என்று தெரியாதோர் எத்தனை பேர்! "அப்பப்பா எங்கே இருக்கிறார்?" என்று பிள்ளை கேட்கும். அப்போது "நித்திரை கொள்கிறார்" என்றோ "வெளிநாடு போய்விட்டார்" என்றோ சொல்லி மழுப்பாதீர்கள். நித்திரைக்கே பயந்த பிள்ளைகள் உண்டு. இறந்ததை இறந்ததாகவே, மென்மையாகச் சொல்லுங்கள். அவருடைய உடல் எங்கே என்று நாம் அறியோம், ஆண்டவர் அறிவார் என்று சொல்லுங்கள். அது சமாளிப்பு அன்று, எமது விசுவாசம். நான்காம் நற்கருணை மன்றாட்டிலே திருச்சபை, எவருடைய விசுவாசத்தை இறைவன் ஒருவரே அறிவாரோ அவர்களையும் நினைவுகூருகின்றது.

கல்லறையற்றவர்களுக்காகச் சேமக்காலையின் நடுச்சிலுவையடியில் ஒரு திரி ஏற்றுங்கள். அல்லது எவரும் வராத, பெயரழிந்த ஒரு கல்லறையைத் தெரிந்து, அதையே உங்கள் குடும்பம் ஆண்டுதோறும் பராமரிக்கட்டும். உங்களவரின் கல்லறையையும் முகமறியாத ஒருவர் எங்கோ பராமரிக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு அதைச் செய்யுங்கள். காணாமற்போனவருக்காகக் காத்திருக்கும் தாயொருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயரை மரித்தோர் வரிசையில் எழுதும்படி வற்புறுத்தாதீர்கள். ஒரு கொப்பியில் வாழ்வோர், மரித்தோர் என்று பிரிக்காமல் எல்லோருடைய பெயர்களையும் எழுதி, மாதம் முழுவதும் மாலைச் செபத்தில் வாசியுங்கள். பிரித்தறியும் பொறுப்பை இறைவனிடம் விட்டுவிடலாம்.

நவம்பர் 11 ஆம் திகதி தூர் நகர ஆயர் புனித மார்ட்டினின் திருநாள். போர்வீரனாக இருந்தபோது தன் மேலாடையை இரண்டாக வெட்டி, குளிரில் வாடிய ஏழைக்குப் பாதியைக் கொடுத்தவர் அவர். அந்நாளில் ஜேர்மனியச் சிறுவர்கள் காகித விளக்குகளை ஏந்திப் பவனி செல்வார்கள். அங்கு வாழும் எமது பிள்ளைகளும் அப்பவனிகளில் நடக்கிறார்கள். இங்குள்ள பிள்ளைகள் வெசாக் காலத்தில் வெளிச்சக்கூடு செய்வதைப் பார்த்தவர்களே. ஈர்க்கும் வண்ணக் கடதாசியும் கொண்டு ஒன்றைச் செய்யட்டும். ஆனால் விளக்கைவிட முக்கியமானது அந்தப் பாதி. உடைந்த விளையாட்டுப் பொருளைக் கொடுப்பது ஈகையன்று. தனக்குப் பிடித்த பலகாரத்தில், தன் உண்டியற் காசில் பாதியை எண்ணிக் கொடுக்கப் பிள்ளை பழகட்டும். கொடுக்கும்போது அதன் முகம் வாடினாலும் பரவாயில்லை. மார்ட்டினுக்கும் அன்றிரவு குளிர்ந்திருக்கும்.

அன்பான பெற்றோரே, இவையனைத்தையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க முயலாதீர்கள். ஒன்றைத் தெரிந்தெடுத்து, அடுத்த ஆண்டும் அதே நாளில் அதையே செய்யுங்கள். திரும்பத் திரும்ப வருவதே பிள்ளையின் நினைவில் வேரூன்றும். மாரி முடிந்து நெல் கதிர் கொள்ளும்போது, நீங்கள் இன்று ஊன்றுவதும் முளைவிட்டிருக்கும். விதைப்பவருக்கும் விதைக்கும் உயிர் தரும் இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.