தொப்பூருக்கு மூன்று முனை, இருங்காட்டுக்கோட்டைக்கு ஆறு முனை

மோதலின்போது காருக்குள் இருப்பவர் நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தைக் கூட்டித் தருவதே சீட் பெல்ட்டின் வேலை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் காரில் உட்கார்ந்திருப்பவரும் நொடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் இது. காரின் முன்பகுதி நசுங்கி, பெல்ட்டும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, மொத்தம் 60 செ.மீ. தூரத்தில் அவர் நின்றால், உடல்மேல் விழும் சராசரி விசை அவருடைய எடையைப்போல் 24 மடங்கு. 70 கிலோ ஆளுக்கு அது 1,650 கிலோ பாரம். பெல்ட் போடாதவருக்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை. கார் நின்ற பிறகும் அவர் அதே வேகத்தில் போய் ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ ஐந்து செ.மீ.க்குள் நிற்க நேர்ந்தால் விசை 280 மடங்கைத் தாண்டிவிடும்.

1,650 கிலோ பாரத்தையும் உடல் எல்லா இடத்திலும் தாங்கிவிடாது. இடுப்பெலும்பு தாங்கும், தோளெலும்பும் விலாக்கூடும் ஓரளவு தாங்கும், வயிறு தாங்கவே தாங்காது. இதைக் கணக்கில் கொண்டு ஸ்வீடனின் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தார். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானிகளை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை உருவாக்கியவர் அவர். ஒரே நாடா இடுப்பின் குறுக்கே ஓடி, கொக்கியில் திரும்பி, மார்பின்மேல் சாய்வாகத் தோளுக்கு ஏறுகிறது. ஒரே கையால் மாட்டலாம். வோல்வோ அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. இன்று உலகின் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது அந்த வடிவம்தான்.

பெல்ட்டின் மூளை கதவோரத் தூணுக்குள் மறைந்திருக்கும், நாடாவைச் சுருட்டும் பெட்டியில் இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு கிண்ணத்தில் இரும்புக் குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். கார் திடீரென வேகம் குறையும்போது குண்டு கிண்ணத்தின் சுவரில் ஏறி, மேலே உள்ள நெம்புகோலைத் தூக்கும். நெம்புகோல் சக்கரத்தின் பல்லில் விழும். நாடா அங்கேயே பூட்டிக்கொள்ளும். புவியீர்ப்பில் 0.45 மடங்கு அளவுக்கு வேகம் குறைந்தாலே பூட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. கார் 12 டிகிரிக்குக் குறைவாகச் சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கட்டாயம் பூட்ட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கணவாய் இறக்கத்தில் வெறும் சரிவுக்காக பெல்ட் இறுகாமல், பிரேக்கை அழுத்தி மிதித்ததும் இறுகிக்கொள்வது இதனால்தான். குண்டு தவறினாலும் இன்னொரு காவல் உண்டு: நாடாவை வெடுக்கென இழுத்தால் சுருளே தனியாகப் பூட்டிக்கொள்ளும். புதிய கார்களில் மோதல் தொடங்கிய சில மில்லி நொடிகளில் ஒரு சிறு வெடிமருந்து பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தொய்வை எடுத்துவிடுகிறது. பிறகு விசை அளவு மீறினால் மார்பெலும்பு முறியாதபடி நாடா கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கிறது. அந்த நேரத்துக்குள் ஏர்பேக் விரிந்து தலைக்காகக் காத்திருக்கும்.

தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் கருவிகளுக்குக் கடுமையான சோதனை நடக்கும் இடம் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் ஏறுவது இங்கு பழகிப்போன செய்தி. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது அதற்கு ஒரு காரணம். 2020 டிசம்பர் 12 அன்று இப்படித்தான் ஒரு லாரி வரிசையாக நின்ற வாகனங்கள்மேல் மோதி நான்கு பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று நடந்த தொடர் மோதலிலும் நான்கு உயிர்கள் போயின. லாரிகளுக்கு இடையில் கார் சிக்கி நசுங்கும்போது எந்த பெல்ட்டாலும் அதிகம் செய்ய முடியாது. ஆனால் அந்த அளவுக்குப் போகாத மோதல்களே இச்சாலையில் ஏராளம். அவற்றில் காருக்கு இரண்டு அடி விழும். முதல் அடி பின்னாலிருந்து. அதில் உடலை ஏந்துவது இருக்கையின் முதுகும் தலைச்சாய்வும். அடுத்த நொடியே கார் முன்னால் இருக்கும் லாரியில் முட்டும். அப்போது பிடிப்பது பெல்ட். தலைச்சாய்வைக் காதின் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு பெல்ட்டை மட்டும் நம்புவது பாதிப் பாதுகாப்பே.

பின் இருக்கையின் கணக்கு இன்னும் மோசம். 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பயணம் செய்த கார் பாலத்தின் தடுப்பில் மோதியது. பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். அந்த ஒரே ஆண்டில் பெல்ட் போடாமல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பயணிகள்.

பந்தயக் காரின் ஹார்னஸ் வேறு வழியில் வந்தது. 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், ராக்கெட் பூட்டிய வண்டியில் மணிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் பாய்ந்து 1.4 நொடியில் நின்றார். புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசையைத் தாங்கி உயிரோடு இறங்கினார். உடலின் வலுவான எலும்புகளைப் பல முனைகளில் கட்டிப் பிடித்தால் மனிதன் நம்புவதைவிட அதிகம் தாங்குவான் என்பது அதில் தெளிவானது. இன்றைய ஹார்னஸில் இரண்டு தோள்பட்டைகள், இரண்டு இடுப்புப் பட்டைகள், தொடைகளுக்கு நடுவே கீழிறங்கும் ஒன்று அல்லது இரண்டு பட்டைகள் உண்டு. அதைப் பொறுத்து ஐந்து முனை, ஆறு முனை என்று பெயர். எல்லாம் வயிற்றுக்கு முன்னால் ஒரு வட்டப் பூட்டில் வந்து சேரும். பூட்டைத் திருகினால் ஒரே நேரத்தில் அத்தனையும் விடுபடும்.

கார் அலங்காரக் கடைகளில் அதிகம் விற்பது நான்கு முனை ஹார்னஸ். சிக்கலும் அதில்தான் அதிகம். மோதலில் தோள்பட்டைகள் இரண்டும் வட்டப் பூட்டை மேல்நோக்கி இழுக்கும். கீழே பிடித்து நிறுத்தப் பட்டை இல்லாததால் இடுப்புப் பட்டை எலும்பை விட்டு வயிற்றின்மேல் ஏறும். உடல் அதன் அடியில் வழுக்கிப் போகும். குடலும் கல்லீரலும் கிழிவது இப்படித்தான். ஐந்தாவது, ஆறாவது பட்டைகள் இருப்பது பூட்டை இடத்திலேயே நிறுத்தி வைக்க. ஜெர்மனியின் ஷ்ராத் நிறுவனம் நான்கு முனையிலேயே இதற்கு ஒரு தந்திரம் கண்டது. ஒரு தோள்பட்டையில் நாடாவை மடித்துத் தைத்திருப்பார்கள். மோதலில் அந்தத் தையல் அவிழ்ந்து ஒரு தோள் சற்று முன்னே போகும்; உடல் லேசாகத் திரும்பி, வழுக்குவது குறையும். மூன்று முனை பெல்ட்டில் தானாக நடப்பதைத் தையல் போட்டு வரவழைக்கும் வித்தை இது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நான்கு முனைகளில் இந்தத் தையல் இருக்காது.

இரண்டாவது சிக்கல் கழுத்து. இரு தோள்களும் இருக்கையோடு இறுகியிருக்க, தலை மட்டும் முன்னே பாயும்போது மண்டையோட்டின் அடிப்பகுதி முறியலாம். அமெரிக்கப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவில் இறந்தது அத்தகைய முறிவால். அவருடைய இடுப்புப் பட்டையும் அறுந்திருந்தது. சரிசெய்யும் கொக்கியில் நாடா ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டதே அறுந்ததற்குக் காரணம் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை கூறியது. தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் என்ற தோள் கருவியை ராபர்ட் ஹப்பார்டும் ஜிம் டௌனிங்கும் 1980-களிலேயே உருவாக்கியிருந்தார்கள். வீரர்கள்தான் அசௌகரியம் என்று ஒதுக்கிவந்தார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அதே ஆண்டு நாஸ்கார் பந்தயங்களும், 2003-இல் ஃபார்முலா ஒன்னும் இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கின. ஹார்னஸ் அணிபவர் ஹான்ஸும் அணிய வேண்டும், ஹான்ஸுக்கு ஹெல்மெட் வேண்டும், பட்டைகள் நுழையத் துளையுள்ள பக்கெட் இருக்கை வேண்டும். ஒன்று வந்தால் எல்லாம் வந்தாக வேண்டும்.

அத்துடன் ரோல் கேஜும் வேண்டும். கார் உருண்டு கூரை அமுங்கும்போது மூன்று முனை பெல்ட் அணிந்தவரின் மேலுடல் பக்கவாட்டில் சாய முடியும். ஹார்னஸ் அணிந்தவர் நிமிர்ந்தபடியே கட்டுண்டிருப்பார். கூரை நேராகத் தலைமேல் இறங்கும். பந்தயக் காரில் கூரையைத் தாங்க இரும்புக் குழாய்க் கூடு இருக்கிறது. சாலைக் காரில் அந்தக் கூடு வைத்தால் ஹெல்மெட் இல்லாத தலை அதிலேயே மோதும்.

ஹார்னஸோடு ஊருக்குள் ஓட்டுபவர் சந்திப்பில் குனிந்து எட்டிப் பார்க்க முடியாது. பின்னால் திரும்பவும் முடியாது. விபத்து நடந்த இடத்துக்கு ஓடிவருபவர்களுக்குச் சாதாரண பெல்ட்டின் சிவப்புப் பொத்தான் தெரியும். வட்டப் பூட்டைத் திருக வேண்டும் என்பது தெரியாது. தீப்பிடித்த வண்டியில் அது உயிர்ப் பிரச்சினை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138(3) முன் இருக்கைக்காரர்களும், முன்னோக்கிய பின் இருக்கைக்காரர்களும் பெல்ட் அணியச் சொல்கிறது. மீறினால் 194பி பிரிவின்கீழ் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினாலும் அதே தொகை. வாகனத்தில் இருக்கும் பெல்ட் இந்தியத் தரநிலைப்படி சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பந்தய உலகின் எஃப்.ஐ.ஏ., எஸ்.எஃப்.ஐ. முத்திரைகள் ஓடுதளத்துக்கானவை, இந்தியச் சாலைக்கான ஒப்புதலாக அவை ஆகா. தயாரிப்பாளர் கொடுத்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஹார்னஸ் போடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கும் மாற்றங்களில் சேரும். தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எச்சரிக்கை ஒலியை ஏமாற்ற கொக்கியில் செருகும் உலோகக் கிளிப்பும் இந்த வரிசையில் வரும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய வணிக நிறுவனங்கள்மேல் ஆணை பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. கிளிப்பு செருகிய காரில் பெல்ட் போட்டிருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருக்கும். ஏர்பேக்கோ வெறும் உடலைச் சந்திக்கும்.

ஓடுதளத்தில் நிலைமை தலைகீழ். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலோ, கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ போட்டியில் இறங்கும் காருக்கு ஆறு முனை ஹார்னஸ், இருக்கை, கூடு, ஹான்ஸ் எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர வேண்டும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பட்டைகளில் தைத்திருக்கும் முத்திரைத் துணி. எஃப்.ஐ.ஏ. 8853-2016 என்ற எண்ணும் காலாவதி ஆண்டும் அதில் இருக்கும். எஸ்.எஃப்.ஐ. முத்திரையுள்ளவை இரண்டே ஆண்டுக்குச் செல்லும். வெயிலில் நாடாவின் வலு குறைவதே இந்தக் கெடுவுக்குக் காரணம். நாள் முழுவதும் கண்ணாடி வழியாக வெயில் காயும் காரில் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

நல்ல ஹார்னஸைத் தவறாக மாட்டினால் மோசமான ஹார்னஸைவிட ஆபத்து. தோள்பட்டைகள் இருக்கையின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்ட கிடையாகப் போக வேண்டும். 10 டிகிரிக்குமேல் கீழிறங்காதது நல்லது, 45 டிகிரியைத் தாண்டவே கூடாது என்கின்றன எஃப்.ஐ.ஏ. விதிகள். பின்னிருக்கையின் அடித்தரையில் கட்டினால் கோணம் செங்குத்தாகி, மோதலில் பட்டைகள் முதுகெலும்பையே அமுக்கும். இருக்கையின் காலிலோ சட்டத்திலோ பட்டையைக் கட்டக் கூடாது. தரைத் தகட்டில் புதிதாகத் துளையிட்டால் அடியில் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட தாங்குதகடு வேண்டும். வெறும் வாஷர் வைத்த போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இடுப்புப் பட்டை தொடை மடிப்பில் முதலில் இறுக வேண்டும், தோள்பட்டை அதன் பிறகு.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பந்தயக் காரை லாரியில் ஏற்றிப் போவதே முறை. சொந்தக் காரிலேயே ஓடுதளத்துக்குப் போய் ஓட்டிப் பார்க்க விரும்புபவர் கம்பெனி பெல்ட்டையும் ஏர்பேக்கையும் அப்படியே விட்டுவிட்டு, மூன்று முனை பெல்ட்டோடும் ஹெல்மெட்டோடும் வேகத்தை அளவாக வைத்து ஓட்டுவதே நல்லது. பாதி பந்தயக் கார், பாதி சாலைக் காராக மாற்றிய வண்டி சாலைக்கும் உதவாது, தளத்துக்கும் உதவாது.

பலத்த மோதலை ஒரு முறை தாங்கிய பெல்ட்டும் ஹார்னஸும் மறுமுறைக்கு ஆகாது. இழைகள் நீண்டிருக்கும், சுருட்டும் பெட்டியின் வெடிமருந்து தீர்ந்திருக்கும். விபத்தில் சிக்கிய காரைச் சரிசெய்பவர்கள் பெல்ட்டைப் புதிதாக மாற்றச் சொல்ல வேண்டும். காயலான் கடைப் பெல்ட்டை ஏற்கக் கூடாது. பழைய கார் வாங்குபவர்கள் விலை பேசும் முன் நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்து, நாடாவில் உருகிய தடமோ அலை அலையான மடிப்போ இருந்தால் அந்த வண்டியைத் தொடாமல் வந்துவிடலாம்.