உங்களுக்குத் தெரியுமா? மூடிய கேசினோவின் சில்லுக்குத்தான் மவுசு!

கேசினோ மேசையில் பணத்துக்குப் பதிலாக நகர்த்துகிறார்களே வட்டச் சில்லு, அதைச் சேகரிப்பவர்களுக்கென்றே அமெரிக்காவில் 1988-ல் ஒரு சங்கம் பிறந்தது. 1993-ல் இருந்து மாநாடும் நடத்துகிறார்கள். ஊர் லாஸ் வேகாஸ், வேறெங்கே? சமீப ஆண்டுகளில் சவுத் பாயின்ட் என்ற கேசினோ விடுதியில், பாலைவனம் கொதிக்கும் ஜூன் மாதத்தில் கூடுகிறார்கள். மாநாடு என்றதும் பொன்னாடையும் வரவேற்புரையும் ஞாபகம் வர வேண்டாம். வரிசையாக மேசைகள், மேசை நிறையச் சில்லுகள், அவற்றின் மேல் கவிழ்ந்த தலைகள், கையில் பூதக்கண்ணாடி. நடுநடுவே ஏலம், கண்காட்சி, பழைய கேசினோக்களின் வரலாறு பேசும் வகுப்புகள். விடுதியின் பெயர் போட்ட சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, பகடை, சீட்டுக்கட்டு என்று எல்லாவற்றையும் தேடுகிறவர்கள் சேர்ந்துவிட்டதால், சங்கம் தன் பெயரில் இருந்த ‘சில்லு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, கேசினோ சேகரிப்புப் பொருட்களின் சங்கம் என்று மாறிக்கொண்டது.

*

சேகரிப்பவரின் பெட்டியில் இருக்கும் சில்லு சட்டப்படி அவருடையது அல்ல! நெவாடா மாநிலச் சூதாட்ட விதிகளின்படி, சில்லு என்பது விடுதி உங்களுக்குத் தரவேண்டிய கடனுக்கான அடையாளம் மட்டுமே. சில்லு விடுதிக்கே சொந்தம். ஆனாலும் எந்த விடுதியும் ஆள் அனுப்பித் திருப்பிக் கேட்பதாகத் தெரியவில்லை. ஏன் கேட்கப் போகிறது? 5 டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்த சில்லு திரும்பி வரவே வராது என்றால், சில்லு செய்த செலவு போக மிச்சம் லாபம்தானே. குத்துச்சண்டைப் போட்டி, புத்தாண்டு, விடுதியின் ஆண்டுவிழா என்று எதற்கெடுத்தாலும் நினைவுச் சில்லு வெளியிடுவதன் சூட்சுமத்தில் பாதி இதுதான்.

*

விடுதியை மூடினாலோ சில்லின் வடிவத்தை மாற்றினாலோ, பழையதைப் பணமாக மாற்றிக்கொள்ள அறிவிப்புக் கொடுத்து அவகாசம் தரவேண்டும் என்பது விதி. கெடு முடிந்ததும் மிச்சத்தை அழித்துவிடுவார்கள். மாநாட்டு மேசையில் அந்தச் சில்லின் மதிப்பு ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். கடனைத் தீர்க்க ஆள் இல்லாமல் போன பத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வியாபாரம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்ன?

*

எடுத்துக்காட்டு வேண்டுமா? லாஸ் வேகாஸின் ஃப்ரீமான்ட் தெருவில் 1970-களில் கோல்டன் கூஸ் என்றொரு சின்ன கேசினோ இருந்தது. தங்க வாத்து என்று பெயர். வாசலில் பெரிய வாத்து பொம்மை. கொஞ்ச காலம்தான் ஓடியது. அதன் 5 டாலர் சில்லு ஒன்று 2014-ல் 75,000 டாலருக்குக் கைமாறியது. முகமதிப்பைப் போல 15,000 மடங்கு! உலகில் மிஞ்சியதாக அறியப்பட்டவை இரண்டே இரண்டு என்பதுதான் காரணம்.

*

விலையை விடக் கதைக்காகவே தேடப்படும் சில்லும் உண்டு. 1950-களின் லாஸ் வேகாஸில் கறுப்பினப் பாடகர்கள் பெரிய விடுதிகளின் மேடையில் பாடலாம். அங்கேயே அறை எடுத்துத் தங்க முடியாது, சூதாட்ட மேசையில் உட்காரவும் முடியாது. பாட்டு முடிந்ததும் நகரின் மேற்குப் பகுதிக்குப் போய்விட வேண்டும். அந்தப் பகுதியில் 1955 மே 24-ல் மூலான் ரூஜ் திறந்தது. கறுப்பர், வெள்ளையர் என்று பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விட்ட நகரின் முதல் கேசினோ விடுதி அது. வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றவர் குத்துச்சண்டை உலக சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸ். கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் கடன் தொல்லையில் விடுதி மூடப்பட்டது. 1960 மார்ச்சில், நகரின் பெரிய கேசினோக்களில் இன ஒதுக்கலைக் கைவிடும் உடன்பாடு எட்டப்பட்டதும் இதே கட்டடத்தில்தான். ஆறு மாதம்கூடச் சரியாக ஓடாத விடுதியின் சில்லை மேசையில் பார்த்ததும் கூட்டம் ஏன் நின்றுவிடுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

*

அமெரிக்கச் சில்லுகளில் சிவப்பு என்றால் 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100. நியூஜெர்சியில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நெவாடாவில் வழக்கம், அவ்வளவுதான். இளஞ்சிவப்பில் இரண்டரை டாலர் சில்லும் உண்டு. அதென்ன அரைக் கணக்கு? பிளாக்ஜாக் ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் ஒன்றரை மடங்கு தரவேண்டும். 5 டாலர் கட்டியவருக்கு ஏழரை. அந்த அரையைக் கொடுக்கப் பிறந்ததுதான் இது.

*

பழைய சில்லின் வயதைச் சொல்வது அதன் விளிம்பு. களிமண் கலவையை அச்சில் அழுத்தும்போது விளிம்போரம் ஒரு கோலம் பதியும். செய்த நிறுவனத்தின் முத்திரை அதுதான். 1963-ல் தொடங்கிய பால்சன் நிறுவனத்தின் சில்லில் தொப்பியும் கைத்தடியும் மாறி மாறி வரும். கண் பழகியவர்கள் விரலால் தடவியே சொல்லிவிடுவார்களாம். கொஞ்சம் அளப்பாகவும் இருக்கலாம்.

*

திருட்டுச் சூதாட்டக் கிளப்புகளின் சில்லுகளுக்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. போலீஸுக்குப் பயந்து ஊர், பேர் போடாமல் இரண்டே இரண்டு எழுத்தை மட்டும் பொறித்திருப்பார்கள். எந்த ஊர், எந்தக் கிளப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செய்து கொடுத்த கம்பெனியின் பழைய ஆர்டர் அட்டைகள் இருக்கின்றனவே! யார் கேட்டார்கள், எங்கே அனுப்பினோம், எத்தனை என்று கணக்குப்பிள்ளை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். போலீஸிடமிருந்து தப்பியவர்கள் அரை நூற்றாண்டு கழித்துச் சேகரிப்பவர்களிடம் மாட்டிக்கொண்டார்கள்.

*

கடலில் மிதந்த கேசினோவின் சில்லும் கிடைக்கும். 1938-ல் டோனி கொர்னேரோ என்பவர் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கரைக்கு அப்பால், மாநிலச் சட்டம் எட்டாது என்று கணக்குப் போட்டு, ரெக்ஸ் என்ற கப்பலை நங்கூரமிட்டார். கரையிலிருந்து படகில் ஆள் ஏற்றிப் போய் இரவும் பகலும் சூதாட்டம். 1939-ல் மாநில அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரன் (பின்னாளில் அமெரிக்காவின் தலைமை நீதிபதி ஆனவரேதான்) படகுகளில் ஆட்களை அனுப்பினார். கொர்னேரோ தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியடித்துச் சில நாள் சமாளித்துப் பார்த்தார், கடைசியில் சரணடைந்தார். பிறகு லாஸ் வேகாஸில் ஸ்டார்டஸ்ட் என்ற பிரம்மாண்ட விடுதியைக் கட்டத் தொடங்கி, அது முடியும் முன்பே 1955-ல் வேறொரு விடுதியின் பகடை மேசையில் சரிந்து விழுந்து இறந்தார். ஸ்டார்டஸ்ட் 1958-ல் திறந்தது, 2007-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆக, அதன் சில்லும் இப்போது சேகரிப்புப் பொருள்.

*

2010 டிசம்பரில் ஒருவன் தலையில் பைக் ஹெல்மெட்டோடு லாஸ் வேகாஸின் பெலாஜியோ விடுதிக்குள் புகுந்து, துப்பாக்கி முனையில் சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை அள்ளிக்கொண்டு போனான். விடுதி பதறவில்லை. 25,000 டாலர் சில்லின் பழைய வரிசை செல்லாது, 2011 ஏப்ரல் 22-க்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய சில்லை எடுத்துக்கொண்டு மாற்ற வந்தால் யார் என்று கேட்க மாட்டார்களா? இணையம் வழியாக விற்கப் பார்த்தவன், வாங்குகிறவர் வேடத்தில் வந்த போலீஸிடமே நீட்டினான்.

*

இதைவிடக் கூத்து 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. போர்கட்டா விடுதியின் போக்கர் போட்டியில் ஒருவர் கள்ளச் சில்லுகளைக் கலந்துவிட்டார். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில், மிச்சத்தைத் தங்கியிருந்த ஹாராஸ் விடுதியின் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது! சரிசெய்ய வந்தவர்கள் கையில் சில்லு சில்லாக வந்தது. போட்டி ரத்து, அவருக்குச் சிறை.

*

1957-ல் திறந்த லாஸ் வேகாஸ் டிராபிகானா 2024 ஏப்ரலில் மூடப்பட்டு அக்டோபரில் தகர்க்கப்பட்டது. மிராஜ் அதே ஆண்டு ஜூலையில் கதவைச் சாத்தியது. இப்படி ஒரு விடுதி மூடப்போகிறது என்று சேதி வந்தால், சேகரிப்பவர்கள் நேரே மேசைக்குப் போவார்கள், 1 டாலர், 5 டாலர் சில்லாகப் பார்த்து வாங்குவார்கள், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். கேசினோவுக்குப் போய்த் தோற்காமல் திரும்புகிறவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவர்களைச் சொல்லலாம்.