படுக்கையை விட்டு எழும்போது தலை சுற்றுவது ஏன்?

காலையில் எழும்போது தலை சுற்றினால் அதைப் பித்தம் என்றோ இரத்த அழுத்தம் என்றோ தாமே முடிவுகட்டி மாத்திரை விழுங்குவோர் பலர். சுற்றல் எந்த அசைவில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற இரண்டையும் கவனித்தாலே காரணத்தைப் பெரும்பாலும் நெருங்கிவிடலாம்.

படுத்தபடி புரளும்போதோ எழுந்து உட்காரும்போதோ அறையே சுழல்வதுபோல் தோன்றி ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால், கோளாறு பெரும்பாலும் உள்காதில் இருக்கும். அங்கே தலையின் நிலையை உணரும் சிறு பையில் கால்சியம் கார்பனேட்டாலான நுண்படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. முதுமையாலோ தலையில் பட்ட அடியாலோ, பல வேளைகளில் காரணம் எதுவும் புலப்படாமலோ, இவை பெயர்ந்து, தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழல்களுக்குள் நுழைந்துவிடுகின்றன. தலை அசைந்து நின்ற பின்னும் படிகங்கள் நகர்ந்து குழலிலுள்ள திரவத்தை இழுப்பதால், தலை இன்னும் சுழல்வதாகவே மூளைக்குச் செய்தி போகிறது. அப்போது கண்மணிகள் தாமாகவே துடித்து ஆடுகின்றன. 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் ஆகியோர் விவரித்த பரிசோதனையில், தலையை ஒருபுறம் 45 பாகை திருப்பிச் சட்டெனப் படுக்கவைத்து மருத்துவர் தேடுவது இந்தத் துடிப்பைத்தான். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையைச் சில நிலைகளில் வரிசையாகத் திருப்பி நிறுத்தினால் படிகங்கள் பெரும்பாலும் பழைய பைக்கே திரும்பிவிடும். சில நிமிடங்களில் முடியும் இச்சிகிச்சை இருக்க, படிகத்தை நகர்த்தவே இயலாத மாத்திரைகளை மாதக்கணக்கில் உண்பது வருந்தத்தக்கது.

எழுந்து நின்ற பிறகு கண் இருட்டிக்கொண்டு வந்தால் காரணம் வேறு. நிற்கும்போது அரை லிட்டர் அளவுக்கு இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது; நாளங்கள் உடனே சுருங்கி அதை ஈடுகட்டாவிட்டால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையும். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ சரிவது இதன் அளவுகோல். உடலில் நீர் குறைவது, நெடுநாள் நீரிழிவால் நரம்புகள் தளர்வது ஆகியவற்றோடு, இரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் உண்ணும் மருந்துகளும் இதை உண்டாக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தாமாக நிறுத்தாமல், படுத்தும் நின்றும் அழுத்தத்தை அளந்து பார்க்குமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வியர்த்து நடுங்கி விழித்தால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே சர்க்கரை கரைத்த நீர் அருந்த வேண்டும். இரத்தசோகையும் இதயத் துடிப்புக் கோளாறும்கூடத் தலைசுற்றலாக வெளிப்படுவதுண்டு. சுற்றலுடன் பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒருபக்கக் கைகால் வலுவிழந்தாலோ, பிடிமானமின்றி நிற்கவே முடியாமற்போனாலோ, அது பக்கவாதமாக இருக்கக்கூடுமாதலால், சற்று ஓய்ந்து பார்க்கலாம் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.