அடுத்த அத்தியாயம் நீ எழுது மச்சி!

உங்கள் போனில் நோட்ஸைத் திறந்து பாருங்கள். பாதியில் நின்ற கதை ஒன்றாவது கிடக்கும். "செமஸ்டர் முடியட்டும், உட்கார்ந்து முடிச்சிடலாம்" என்று விட்டது. செமஸ்டர் முடிந்தது, அதற்கு அடுத்ததும் முடிந்தது. கதை மட்டும் அப்படியே நிற்கிறது. நேரம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். அந்தக் கதையை யாரும் கேட்கவில்லை என்பது மீதி. லேப் ரெக்கார்டை நாம் முடிப்பதே கேட்க ஒருத்தர் இருக்கிறார் என்பதால்தானே!

அந்த 'ஒருத்தர்' உங்கள் நண்பராக இருந்தால்? இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கதையை எழுதினால்?

"கதை எழுதுறது தனியா செய்ற வேலை இல்லையா?" என்று கேட்கலாம். நம் ஊரிலேயே 'சுபா' இருக்கிறார்களே! சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பெயர் அது. நரேந்திரன், வைஜெயந்தி துப்பறியும் நாவல்களை எழுதியவர்கள். 'அயன்' (2009), 'கோ' (2011) படங்களின் எழுத்திலும் இருப்பவர்கள்.

சேர்ந்து எழுத ஒரே வழி என்று கிடையாது. முக்கியமாக மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, வேலையைப் பிரித்துக்கொள்வது. எல்லரி குயீன் என்ற பெயரில் எழுதியவர்கள் ஃபிரெடெரிக் டானே, மான்ஃபிரெட் லீ என்ற இரண்டு அமெரிக்க கசின்கள். முதல் நாவல் 1929-ல் வந்தது. பெரும்பாலும் டானே கதைச் சட்டகத்தை விரிவாகப் போட்டுக் கொடுப்பார், லீ அதை நாவலாக எழுதுவார். உங்களுக்கு ட்விஸ்ட் நன்றாக வரும், நண்பனுக்கு வசனம் நன்றாக வரும் என்றால் இதுதான் உங்கள் வழி.

இரண்டாவது, மாற்றி மாற்றி எழுதுவது. 'தி எக்ஸ்பான்ஸ்' நாவல்களின் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி உண்மையில் டேனியல் ஏப்ரஹாம், டை ஃபிராங்க் என்ற இருவர். முதல் நாவலில் (2011) ஆளுக்கு ஒரு பாத்திரம். ஹோல்டன் அத்தியாயங்களை ஃபிராங்க் எழுத, மில்லர் அத்தியாயங்களை ஏப்ரஹாம் எழுதினார். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினார். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் சுலபம்.

மூன்றாவது, தொடர் ஓட்டம். 1931-ல் இங்கிலாந்தின் டிடெக்ஷன் கிளப் எழுத்தாளர்கள் 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலை ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதினார்கள். அகதா கிறிஸ்டியும் அதில் உண்டு. அவர்கள் வைத்த விதி அருமையானது: புதுச் சிக்கலைப் போடுபவர் கையில் அதற்கு ஒரு தீர்வும் இருக்க வேண்டும். "நான் முடிச்சைப் போடுறேன், நீ அவுத்துக்கோ" என்று தள்ளிவிட முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பிக்கும் தொடர்கதைகள் மூன்றாவது ஆளோடு செத்துப்போவதற்குக் காரணமே இந்த விதி இல்லாததுதான்.

சரி, இதில் நமக்கு என்ன லாபம்? நீங்கள் மட்டும் படிக்கிற வரை உங்கள் கதையில் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும், கமென்ட் போடாத கோட் மாதிரி. நண்பன் படித்துவிட்டு, "இவன் ஏன்டா ராத்திரி பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் போறான்?" என்று கேட்பான். காரணம் உங்கள் தலைக்குள் இருக்கிறது, பக்கத்தில் இல்லை என்பது அப்போதுதான் புரியும். உங்கள் கதையில் எல்லாக் காதலும் மழையில்தான் ஆரம்பிக்கிறது என்பதையும் அவன்தான் சொல்லுவான்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் ஆசையாக எழுதிய பத்தியை அவன் ஒரே நொடியில் டெலீட் செய்யலாம். டானேவும் லீயும் கடிதங்களில் கடுமையாகச் சண்டை போட்டவர்கள். ஆனாலும் 1971-ல் லீ இறக்கும்வரை அந்தக் கூட்டணி நின்றது. நமக்குக் கதையும் வேண்டும், நண்பனும் வேண்டும். அதனால் முதல் வரிக்கு முன்னாடியே நாலு விஷயம் பேசிவிடுங்கள்:

1. அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தைக் கேட்காமல் கொல்லக் கூடாது.
2. பிடிக்காத வரியை அழிக்காதீர்கள். பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். எழுதியவரே மாற்றட்டும்.
3. இரண்டு பேர் பெயரும் வரும். எந்தப் பெயர் முதலில் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.
4. ஒருத்தர் நடுவில் விலகினால் மற்றவர் தொடரலாமா? அதையும் பேசுங்கள்.

பேசக் கூச்சமாக இருக்கும். ஆனால் கதை நன்றாக வந்து, ஒரு போட்டிக்கு அனுப்பும்போது பேசுவது இதைவிடக் கஷ்டம்.

இப்போது கணக்கு. ஒரு முறைக்கு 500 வார்த்தை, ஆளுக்கு மூன்று முறை. மொத்தம் 3000 வார்த்தை, ஒரு நல்ல சிறுகதை. முறைக்கு மூன்று நாள் என்றால் 18 நாளில் முதல் வரைவு ரெடி. ஒரே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள், பழைய வடிவங்கள் அதிலேயே இருக்கும். இன்டர்னல் வந்தால் ஒரு வாரம் லீவு விடுங்கள். ஆனால் திரும்பும் தேதியைச் சொல்லிவிட்டு விடுங்கள். கடைசியில் ஒருத்தர் சத்தமாக வாசிக்க, மற்றவர் கேளுங்கள். யார் எழுதிய பகுதி எங்கே முடிகிறது என்று காதுக்குத் தெரிந்தால், அந்த இடத்தைச் சேர்ந்து திருத்துங்கள்.

ஃபைனல் இயர் முடிந்ததும் ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் ஹைதராபாத். "எப்படி மச்சி இருக்க?", "நல்லா இருக்கேன்டா" என்பதோடு பல பேச்சு நின்றுவிடும். பாதியில் நிற்கும் கதை ஒன்று இருந்தால், "அந்த வில்லனை என்னடா பண்ணப்போற?" என்றாவது போன் வரும். பக்கத்து பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் 500 வார்த்தையை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.