பெயரும் ஒரு முதல்தான்: இத்தாலியின் புரோசெக்கோ சொல்லும் பாடம்

மளிகைக் கடைக்காரருக்கு ஒயினைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் நினைக்கலாம். அது நம் கடைச் சரக்கு அன்று. அதை விற்கவோ அருந்தவோ சொல்லி நாம் இதை எழுதவில்லை. ஆனால் ஒரு சரக்கின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நம் ஒவ்வொருவர் கல்லாவையும் தொடுகிற கேள்வி. இத்தாலி நாட்டின் வெள்ளை ஒயின் ஒன்றின் கதை அதற்குத் தெளிவான விடை தருவதால் இங்கே விளக்குகிறோம்.

சரக்கு என்ன?

புரோசெக்கோ என்பது இத்தாலியின் வடகிழக்குப் பகுதியில் விளையும் வெள்ளைத் திராட்சையில் செய்யப்படும் ஒயின். பெரும்பாலும் நுரைத்துப் பொங்கும் வகையாகவே விற்கிறது. திராட்சைச் சாறு முதலில் புளித்து ஒயினாகிறது. அதில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, மூடிய எஃகுத் தொட்டியில் மறுபடி புளிக்க விடுகிறார்கள். வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. பாட்டிலைத் திறந்ததும் அதுவே நுரையாக எழும்புகிறது.

பிரான்சின் ஷாம்பேனில் இந்த இரண்டாவது புளிப்பு ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக நடக்க வேண்டும். குறைந்தது 15 மாதம் சரக்கு கிடங்கில் முடங்கிக் கிடக்கும். தொட்டி முறையில் வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. 1895ல் மார்த்தினோத்தி என்ற இத்தாலியர் வகுத்து, 1907ல் ஷார்மா என்ற பிரெஞ்சுக்காரர் மேம்படுத்திய முறை இது. போட்ட முதல் சீக்கிரம் திரும்புவதால் விலையும் குறைகிறது. விலை குறைவதால் கிராக்கி கூடுகிறது. வியாபாரிகளுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பெயர், மூன்று பொருள்

சிக்கல் பெயரில்தான் இருந்தது. திரியெஸ்தே நகரை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் பெயர் புரோசெக்கோ. திராட்சை ரகத்துக்கும் அதே பெயர். அதிலிருந்து செய்த ஒயினுக்கும் அதே பெயர். ஆனால் பெயர் பெற்ற தோட்டங்கள் இருந்ததோ அவ்வூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கொனெலியானோ, வால்தொப்பியாதெனே என்ற ஊர்களின் குன்றுச் சரிவுகளில். அக்குன்றுகளின் ஒயினுக்கு 1969லேயே அரசின் காப்புத் தரப்பட்டது. ஆனாலும் அந்தக் காப்பு அவர்கள் ஊர்ப்பெயரோடு நின்றது. புரோசெக்கோ என்ற சொல் ரகத்தின் பெயராயிற்றே, அதை யார் தடுக்க முடியும்? பொன்னி நெல்லை எந்த மாவட்டத்தில் நட்டாலும் பொன்னி அரிசி என்றுதானே விற்கிறோம்! அதே நியாயம்தான்.

கிராக்கி கூடியதும் சமவெளிக்காரர்களும் அந்த ரகத்தை நட்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் நட்டார்கள். 2006ல் தகர டப்பாவில் அடைத்த புரோசெக்கோ பெரிய விளம்பரத்தோடு சந்தைக்கு வந்தது. தலைமுறைகளாகச் செங்குத்தான சரிவுகளில் கையால் கனி பறித்தவர்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை.

பக்கத்து வீட்டில் விழுந்த அடி

இதே வட்டாரத்தில், பிரியூலி பகுதியில், டோக்காய் என்ற பெயரில் இன்னொரு வெள்ளை ஒயின் இருந்தது. அதுவும் ரகத்தின் பெயரே. ஹங்கேரி நாட்டிலோ டோக்காய் என்பது ஊரின் பெயர். அவ்வூரின் இனிப்பு ஒயின் உலகப் புகழ் பெற்றது. 1993ல் ஐரோப்பிய சமூகத்துக்கும் ஹங்கேரிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, 2007 மார்ச் 31க்குப் பிறகு இத்தாலியர் அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றாயிற்று. பிரியூலிக்காரர்கள் வழக்காடினார்கள். 2005 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஊரின் பெயருக்குள்ள காப்பு ரகத்தின் பெயருக்கு இல்லை. நஷ்ட ஈடு தராததும் தவறாகாது என்றது. முப்பாட்டன் காலத்துப் பெயரைக் கைவிட்டு, பிரியுலானோ என்ற புதுப் பெயரில் வாடிக்கையாளரை மறுபடி தேட வேண்டியதாயிற்று. தோட்டமும் திராட்சையும் ருசியும் அப்படியே இருக்க, பெயர் மட்டும் போயிற்று.

2009ல் நடந்த காரியம்

புரோசெக்கோக்காரர்கள் இதைக் கண்டு விழித்துக்கொண்டார்கள். 2009 ஜூலையில் இத்தாலிய வேளாண் அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஒன்று, திராட்சை ரகத்தின் பெயர் மாற்றப்பட்டது. இனி அது புரோசெக்கோ அன்று, கிளேரா. இதுவும் அந்த ரகத்துக்கு வழங்கிவந்த பழைய பெயர்களில் ஒன்றுதான்.

இரண்டு, புரோசெக்கோ என்பது இடப்பெயர் மட்டுமே என்றாக்கி, 9 மாவட்டங்கள் கொண்ட எல்லை வகுக்கப்பட்டது. திரியெஸ்தே மாவட்டமும் அதில் சேர்ந்ததால் புரோசெக்கோ என்ற ஊரும் எல்லைக்குள் வந்தது. பெயருக்கு வேர் கிடைத்தது.

மூன்று, கொனெலியானோ, வால்தொப்பியாதெனே குன்றுகளின் ஒயினுக்கு அதற்கும் மேலான தர நிலை கொடுக்கப்பட்டது.

இப்பெயரில் விற்க, குறைந்தது 85 சதம் கிளேரா இருக்க வேண்டும். நுரைக்கும் வகையைக் கண்ணாடிப் பாட்டிலில்தான் அடைக்க வேண்டும். பாட்டில் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைச் சீட்டு இருக்க வேண்டும். பீப்பாயிலிருந்து குழாய் வழியே பிடித்துக் கொடுத்தால் அது புரோசெக்கோ ஆகாது. 2022ல் 9 மாவட்டக் காப்புப் பெயரில் மட்டும் 63 கோடிக்கும் அதிகமான பாட்டில்கள் தயாராயின.

ஆனாலும் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. ஆஸ்திரேலியாவில் இப்பெயரை இடப்பெயராகப் பதிய எடுத்த முயற்சி 2013ல் தோற்றது. "நேற்றுவரை நீங்களே ரகத்தின் பெயர் என்றுதானே சொன்னீர்கள்?" என்பதே அந்நாட்டுத் தோட்டக்காரர்களின் வாதம்.

நாம் கொள்ள வேண்டியது

நம் நாட்டிலும் 1999ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019லும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020லும் பதிவு பெற்றன.

வேறெங்கோ செய்த மிட்டாயின் மேல் கோவில்பட்டி என்று அச்சிட்டிருந்தால், அதைச் செய்தவர் மட்டுமல்ல, விற்பவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கொள்முதல் செய்யும்போது உறையில் ஊர்ப்பெயர் இருந்தால், சரக்கு எங்கே தயாரானது, அப்பெயரைப் போட உரிமை உண்டா என்று கேட்டு வாங்குங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ஊர்ச் சரக்கைச் செய்பவர்களோ, பெயர் பொதுச் சொல்லாகித் தேய்வதற்கு முன்பே ஒன்றுகூடிப் பதிந்துகொள்வது நல்லது.

சரக்கு தீர்ந்தால் மறுபடி கொள்முதல் செய்யலாம். பெயர் போனால் எந்த மண்டியிலும் வாங்க முடியாது.