கம்பி வழியும் காற்று வழியும்

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையின் கரையிலே ஓடும் யாளியும் அன்னமும் ருத்ராட்சமும் கோபுரமும் தறியில்தான் பிறக்கின்றன என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருந்தாலும், அவை நெசவாளரின் கைக்கு வருவதற்கு வெகு முன்பே, கட்டம் போட்ட காகிதத்தில் கட்டத்துக்கு ஓர் இழை என்ற கணக்கிலே எழுதப்பட்டு, அந்தக் கணக்குப்படி துளையிட்ட அட்டைகளாக மாறி, தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டியில் ஏறிவிடுகின்றன. 1804-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய அந்த யந்திரத்தின் அட்டைகளைக் கண்டுதான், பிற்பாடு இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தமது கணக்கிடும் பொறிக்கும் அட்டைகளாலேயே கட்டளையிடலாம் என்று தீர்மானித்தார். தறியிலிருந்து கணிதத்துக்குச் சென்ற அந்த யுக்தி இன்று கணினி வடிவத்திலே தறிக்குத் திரும்பியிருக்கிறது. கட்டக் காகிதத்தின் ஸ்தானத்தைக் கணினித் திரை பிடித்து வருகிறது.

ஆகவே, பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் ஒரே வீட்டில் இரண்டு கணினிகள் இருப்பது அதிசயமில்லை: அட்டை அடிக்கும் இடத்தில் கம்பியால் இணைக்கப்பட்ட மேசைக் கணினி ஒன்று, மாடியிலோ கூடத்திலோ உட்கார்ந்து சித்திரம் வரைபவரிடம் வைஃபை மூலம் இயங்கும் மடிக்கணினி ஒன்று. இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வரும். ஆனால் இதிலிருக்கும் கோப்பை அதில் திறக்க முயன்றால் மட்டும், பக்கத்து அறையிலிருக்கும் கணினி இருப்பதாகவே காட்டாது. இந்தத் தொல்லைக்குச் சலித்துப்போய், சித்திரத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்பவர்கள் உண்டு. அங்கேதான் உண்மையான நஷ்டம் ஆரம்பமாகிறது.

சாதாரணப் புகைப்படத்தில் ஒரு புள்ளியின் நிறம் இம்மியளவு மாறினால் யாருக்கும் தெரியாது. நெசவுக்கான சித்திரத்திலோ ஒவ்வொரு புள்ளியும், இன்ன பாவிழையைத் தூக்கு, இன்னதைத் தாழவிடு என்ற ஒரு கட்டளை. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதன் அளவைக் குறைப்பதற்காகப் புள்ளிகளைச் சுருக்கிக் கலந்துவிடுவதால், சுத்தமான இரண்டு மூன்று நிறங்கள் இருந்த ஓரங்களில் இடைப்பட்ட சாயல்கள் பல தோன்றி, எது ஜரிகை, எது உடல் என்ற கணக்கே குழம்பிப்போகும். அதிலிருந்து அட்டை அடித்தால் மயிலின் கழுத்து ஒடியும். வேறு வழியே இல்லாதபோது படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பினால் கோப்பு சிறிதும் மாறாமல் போய்ச் சேரும். எனினும், வீட்டுக்குள்ளேயே பத்தடி தூரம் போக வேண்டிய கோப்பை வெளியுலகைச் சுற்றிவரச் செய்வானேன்?

கம்பிக் கணினியும் கம்பியில்லாக் கணினியும் வெவ்வேறு ஜாதி, ஆகையால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்ற அபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் தவறு. சரித்திரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுக்குத் தீவு வானொலி அலையால் கணினிகளை இணைத்த அலோஹா வலையின் தத்துவத்தைப் படித்து ஆராய்ந்த பிறகே, 1973-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், கம்பி வழியே செய்தி அனுப்பும் ஈதர்நெட் முறையை வகுத்தார். கம்பியும் காற்றும் வீட்டிலுள்ள ரவுட்டர் பெட்டியில் வந்து சேர்ந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கப்புறமும் கணினிகள் சந்திக்கவில்லையென்றால், அவை ஒரே வலையில் இல்லை, அல்லது ஒன்று மற்றொன்றைப் பார்க்கவோ நுழையவோ அனுமதிக்கவில்லை என்பதே பொருள். இந்த வரிசையிலேயே பரிசோதிக்க வேண்டும். பலர் கடைசிக் காரணத்திலிருந்து தொடங்கிப் பல மணி நேரத்தை வீணாக்குகிறார்கள்.

முதல் பரிசோதனை முகவரி. இரண்டு கணினிகளிலும் கட்டளைத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், 192.168.1.5 என்பதைப் போன்ற ஓர் எண் கிடைக்கும். சாதாரண வீட்டு வலையில் முதல் மூன்று பகுதிகளைத் தெருவின் பெயர் என்றும், கடைசிப் பகுதியைக் கதவிலக்கம் என்றும் கொள்ளலாம். ஒரு கணினியில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் இருந்தால் அவை வெவ்வேறு தெருவில் குடியிருக்கின்றன. 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரவுட்டர் முகவரியே தரவில்லை; கம்பியையோ இணைப்பையோ பார்க்க வேண்டும்.

இருவேறு தெருக்கள் உண்டாவதற்குப் பெரும்பாலும் காரணம் நம் வீடுகளின் அமைப்பே. பழைய வீடுகளின் கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை அலை பின்கட்டுக்கும் மாடிக்கும் எட்டாததால், இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த பெட்டி போதாதென்று இன்னொரு ரவுட்டரை வாங்கி, அதைக் கம்பியால் முதல் பெட்டியோடு இணைத்துவிடுகிறோம். அந்தக் கம்பியை இரண்டாவது பெட்டியின் வான் என்று குறிக்கப்பட்ட துளையில் செருகினால், அது தன் பங்குக்கு ஒரு தனி வலையை உண்டாக்கி, தனக்குப் பின்னால் இருப்பவர்களை மறைத்துக்கொள்ளும். இந்த நோய்க்குத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு: மாடியிலுள்ள மடிக்கணினியிலிருந்து கீழேயுள்ள மேசைக் கணினியை எண் முகவரியால் திறக்க முடியும், கீழிருந்து மேலே திறக்க ஒருபோதும் முடியாது. பரிகாரம், இரண்டாவது பெட்டியின் அமைப்பில் ஆக்ஸஸ் பாயிண்ட் என்ற முறையைத் தேர்ந்தெடுப்பது. அந்த வசதி இல்லாவிட்டால், அதன் சொந்த முகவரியை முதல் பெட்டியின் தெருவிலேயே மோதாத ஒரு கதவிலக்கமாக மாற்றி, டிஹெச்சிபி என்னும் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, கம்பியை வான் துளையிலிருந்து எடுத்து லான் துளையொன்றில் செருக வேண்டும்.

இரண்டும் ஒரே பெட்டியைச் சேர்ந்திருந்தும் பார்க்க முடியவில்லையானால், புடவை வாங்க வருகிறவர்களுக்காக வைத்த விருந்தினர் வைஃபையில் மடிக்கணினி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்நெட்டை மட்டும் கொடுத்து வீட்டுக்குள் எட்டிப்பார்க்க விடாமல் தடுப்பதே அதன் கடமை. அப்படியும் இல்லையென்றால் விண்டோஸின் அமைப்பைத் திறந்து, அந்த வலை பொதுவானது என்று பதிவாகியிருக்கிறதா, தனிப்பட்டது என்று பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். பொதுவானது என்றால் விண்டோஸ், ரயில் நிலையத்தில் இருப்பதாகவே எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்ளும். தனிப்பட்டது என்று மாற்றி, கோப்புப் பகிர்வை அனுமதித்தால் போதும். இதைச் செய்யாமல் ஃபயர்வால் என்னும் காவலையே அடியோடு அணைத்துவிடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். சோதனைக்காகச் சில நிமிஷம் அணைத்துப் பார்ப்பதைத் தவிர அதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

நெட்வொர்க் பட்டியலில் மற்றக் கணினியின் பெயர் தெரியவில்லை என்பதற்காகவும் மனம் தளர வேண்டியதில்லை. பட்டியலில் தோன்றுவது ஒரு சௌகரியம் மாத்திரமே. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு இட்டு, அந்தக் கணினியின் எண் முகவரியை எழுதினால் பல சமயங்களில் கோப்புறை நேரே திறந்துவிடும். விண்டோஸ் 7-இல் பழகியவர்கள் ஹோம்குரூப் என்ற எளிய ஏற்பாட்டைத் தேடக்கூடும். அது 2018-இல் விண்டோஸ் 10-இலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது.

கதவு தெரிந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும் கட்டத்தில்தான் மிகுதியான குழப்பம் நேர்கிறது. மேசைக் கணினியில் தினந்தோறும் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் அந்தக் கணினியின் முன்னே உட்கார்ந்தவருக்கு மட்டுமே செல்லும். வலை வழியே வருகிறவருக்குச் செல்லாது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் வலை வழியாக ஏற்பதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீடு, அதன் புரோ வகையில், பெயரில்லா விருந்தினராக நுழைவதையும் இயல்பாகவே மறுத்துவிடுகிறது. ஆகையால் மேசைக் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கும் ஒரு கடவுச்சொல்லும் உண்டாக்கி, அதையே மடிக்கணினியில் கொடுப்பது உத்தமம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கணினிகள் கோப்பு பரிமாறிக்கொள்ளும் எஸ்எம்பி என்ற பாஷை 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. அதன் முதல் பதிப்பிலிருந்த ஒரு பலவீனத்தைப் பற்றிக்கொண்டுதான் 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நாசகார நிரல் பல தேசங்களில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவமனைகள் கூட அதில் ஸ்தம்பித்தன. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவும்போது அந்த முதல் பதிப்பு இயல்பாக முழுமையாகச் சேர்க்கப்படுவதில்லை. அட்டை அடிக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும் என்பதற்காகப் பழைய கணினியைக் காப்பாற்றி வைத்திருக்கும் வீடுகளில், அதோடு பேசுவதற்காகப் புதிய கணினியில் முதல் பதிப்பை மறுபடி உயிர்ப்பிக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய கணினியை இன்டர்நெட்டிலிருந்து விலக்கி வைத்து, பென் டிரைவில் கோப்பை எடுத்துச் செல்லும் சிரமமே மேலானது.

நேற்றுவரை திறந்த கோப்புறை இன்று திறக்கவில்லையென்றால், இடையில் மின்சாரம் நின்றதா என்று யோசியுங்கள். ரவுட்டர் மீண்டும் விழித்தெழும்போது கதவிலக்கங்களை மாற்றிக் கொடுத்திருக்கலாம்; ரவுட்டரின் அமைப்பிலேயே மேசைக் கணினிக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை நிவர்த்தியாகும். மேசைக் கணினி உறங்கிவிட்டாலும் பகிர்வு நின்றுவிடும்.

கடைசியாகச் சித்திரங்களின் பாதுகாப்பு. காஞ்சிபுரம் பட்டு 2005-இல் பெற்ற புவிசார் குறியீடு அந்தப் பெயருக்கும் சரக்குக்கும் காவலாக நிற்கிறதே ஒழிய, ஒரு குடும்பம் தலைமுறையாகச் சேர்த்துவைத்த சித்திரக் கோப்பு தவறுதலாக அழிந்தால் அதை மீட்டுத் தராது. ஆதலால் மூலச் சித்திரங்களுக்கு ஒரு கோப்புறை, நடப்பு வேலைக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து, முன்னதற்கு வலை வழியே படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். பகிர்வில் ஓர் உரிமையும் கோப்புறையின் பாதுகாப்பில் ஓர் உரிமையுமாக விண்டோஸ் இரண்டு இடங்களில் கேட்கும். இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். மூலக் கோப்புறையின் நகலொன்றை மட்டும் வலையோடு சேராத ஒரு வெளி வட்டில் எடுத்து, அந்த வட்டை வேலை முடிந்ததும் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.